நீல மருந்துக்குக் காத்திருக்கும் அக்காவுக்கு

என் மரியாதைக்கும் பயத்துக்கும் உரிய அக்காவுக்கு,

தம்பி எழுதுவது. இங்கே நானும் என் வீட்டுக்காரியும் சௌக்கியம். உன் சௌக்கியத்தை விசாரிக்கும் யோக்கியதை எனக்கு இல்லை என்று அவள் சொல்வதால் அந்த வரியை எழுதிவிட்டு அடித்திருக்கிறேன். அடித்தலுக்கு அடியில் இருப்பதை நீ படித்துக்கொள்.

நேராக வெட்கக்கேட்டுக்கு வருகிறேன். உன் ஃபிரிட்ஜ் கதவில் "புற்றுநோய்க்கு முற்றுப்புள்ளி: ஒரே நானோ உருண்டையில் இரண்டு மருந்து" என்று ஒரு செய்தியை ஒட்டி வைத்திருக்கிறாயே, அதில் "இது மருத்துவ உலகின் திருப்புமுனை என்றார் பெயர் சொல்ல விரும்பாத மூத்த நிபுணர் ஒருவர்" என்று வருகிறதல்லவா, அந்த மூத்த நிபுணர் நான்தான். மூத்தவன் என்பது உண்மை, தலையைப் பார்த்தால் தெரியும். நிபுணன் என்பதற்கு, அறிவியல் பரீட்சைக்கு முதல் நாளெல்லாம் உன் கையால் குட்டு வாங்கியவன் என்பதைத் தவிர வேறு சான்று இல்லை. ஆராய்ச்சி நிலையத்தில் எனக்கு வேலை விளம்பரப் பிரிவில். நீ பார்க்கிறவர்களிடமெல்லாம் "என் தம்பி சயின்டிஸ்ட்" என்று சொல்லிக்கொண்டு வருகிறாய். நானும், மூத்தவள் பேச்சைத் தட்டக்கூடாது என்று இருந்துவிட்டேன்.

இதையெல்லாம் போனில் சொல்லலாமே என்பாய். போனில் நீ இரண்டாவது வாக்கியத்தில் என்னை வெட்டிவிடுவாய். கடிதத்தை வெட்ட முடியாது, கிழிக்கத்தான் முடியும். அதற்கும் அத்தானிடம் ஒரு நகல் கொடுத்து வைத்திருக்கிறேன்.

நடந்தது இது. எங்கள் ஆய்வுக்கூடத்தின் தலைவி நாள் முழுக்க எலிகளோடு இருப்பவர் என்பதால் எலியம்மா என்று கூப்பிடுவோம், அவர் காதில் விழாத தூரத்தில். கெட்டிக்காரர். தலைமுடியின் தடிமனை ஆயிரமாகப் பிரித்தால் அதில் ஒரு பங்கு இருக்கும் உருண்டைகளைச் செய்து, அதற்குள் இரண்டு மருந்தை அடைக்கிறார். சில புற்று செல்களுக்கு, உள்ளே வந்த மருந்தைப் பிடித்து வெளியே தள்ளும் கெட்ட பழக்கம் உண்டாம். முதல் மருந்து போய் அந்த வாசல் ரவுடியைக் கட்டிப்போடும், இரண்டாவது நிதானமாக நுழைந்து வேலையை முடிக்கும். தனித்தனியாக அனுப்பினால் நம் சித்தப்பாக்கள் இருவரும் விசேஷத்துக்கு வருகிற கதைதான், ஒருவர் கை கழுவும்போதுதான் இன்னொருவர் செருப்பைக் கழற்றுவார். ஆகவே இருவரையும் ஒரே வண்டியில் ஏற்று என்பது யோசனை. நல்ல யோசனைதான். கோளாறெல்லாம் அது என் மேஜைக்கு வந்த பிறகு.

எலியம்மா எழுதிக் கொடுத்தது இவ்வளவுதான்: "சில எலிகளில் கட்டி வளரும் வேகம் குறைந்தது. மேலும் ஆய்வு தேவை." இதை எந்தப் பத்திரிகை போடும்? நான் "கட்டி சுருங்கியது" என்று எழுதினேன். எங்கள் இயக்குநர் அதைப் படித்துவிட்டு, "சுருங்கிச்சுன்னா சலவைக்குப் போட்ட சட்டை மாதிரி இருக்கேய்யா" என்று "கரைந்தது" ஆக்கினார். பத்திரிகையில் அது "ஒழிந்தது" ஆனது. நம் குடும்ப வாட்ஸப்பில் சின்ன மாமா "ஒழிஞ்சே போச்சு, அடுத்த மாசம் கடையில கிடைக்கும்" என்று போட்டு, கைகூப்பும் படமும் வைத்தார். அடுத்த மாசம் என்று அவருக்கு யார் சொன்னார்கள் என்று கேட்காதே. "மேலும் ஆய்வு தேவை" என்பதை வெட்டிவிட்டு, வெட்டின இடம் பல் விழுந்த மாதிரி இருக்கிறதே என்று "விரைவில்" என்று ஒரு வார்த்தையை வைத்து அடைத்தது நான்தான். எலிகள் எப்போது காணாமல் போயின என்பது எனக்கே நினைவில்லை.

பிறகு போட்டோ. இயக்குநர் கோட்டு மாட்டிக்கொண்டு வந்து நின்று, "எங்கே, அந்த உருண்டையைக் கையில குடுங்க" என்றார். "கண்ணுக்குத் தெரியாது சார்." "அப்ப தெரியுற மாதிரி ஏதாவது குடுய்யா, வெறுங்கையோட நின்னா பிச்சை கேட்கிற மாதிரி இருக்கும்." நான் ஓடிப்போய், கைக்குக் கிடைத்த ஒரு திரவத்தைத் தண்ணீரில் கலந்து கண்ணாடிக் குழாயில் ஊற்றிக் கொடுத்தேன். படம் நீலமாய்ப் பளிச்சென்று வந்தது. அக்கா, மனதைத் திடப்படுத்திக்கொள். நீ காத்துக்கொண்டிருக்கிற அந்த நீல மருந்தை எங்கள் கழிவறையில் தினமும் காலையில் ஊற்றித் தேய்க்கிறார்கள்.

இதுவரை என் பிழைப்பு. சிரித்துவிட்டுப் போயிருப்பேன். ஆனால் போன வாரம் நர்ஸ் ஊசியோடு வந்ததும் நீ கையைப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டு பேசின பேச்சை அத்தான் எனக்கு ஏற்ற இறக்கத்தோடு நடித்தே காட்டினார். "ரெண்டு பாட்டிலைத் தொங்கவிட்டு அரை நாள் என்னைப் படுக்கப் போடுறீங்க. என் தம்பி ஆபீஸ்ல ரெண்டையும் ஒரே உருண்டையில போட்டுட்டான். அது வரட்டும். இந்தப் பழைய சிவப்புத் தண்ணி எனக்கு வேணாம், உள்ளங்கை எரியுது, ஒரு டம்ளரைப் பிடிக்க முடியல." டாக்டர் செய்தித் துண்டை வாங்கிப் பார்த்து, "இது இன்னும் எலிக்குத்தாம்மா குடுத்துப் பார்த்திருப்பாங்க" என்றாராம். நீ விட்டாயா? "எலிக்கே குடுக்கிறாங்க, என் கூடப்பிறந்தவன் எனக்குக் குடுக்க மாட்டானா?" என்று செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாய்.

அந்த வரியை அத்தான் நடித்தபோது மட்டும் எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அத்தான் இதைச் சொன்னது எங்கள் அலுவலக வரவேற்பறையில். கையில் ஐஸ் பெட்டி. நீ கொடுத்து அனுப்பினது. "மருந்து சூடு தாங்காதுன்னு சொன்னா உங்க அக்கா, அதான் ஐஸ் போட்டு எடுத்துட்டு வந்தேன்" என்றார். "இவ்வளவு குட்டிப் பெட்டியா அத்தான்?" என்றேன், என்ன பேசுவதென்று தெரியாமல். "உருண்டை ரொம்பச் சின்னதுன்னு நீதானே மாப்ள எழுதியிருக்கே." வரவேற்பறைப் பெண் திரும்பி உட்கார்ந்து தோள் குலுங்கச் சிரித்தாள். என்னால் அந்த மனிதர் முகத்தைப் பார்த்து "இல்லை" என்று சொல்ல முடியவில்லை. ஆகவே பொறுப்பான தம்பி செய்கிற காரியத்தைச் செய்தேன். இன்னொருவர் சொல்லட்டும் என்று எலியம்மாவிடம் கூட்டிக்கொண்டு போனேன்.

எலியம்மா விரட்டுவார் என்று நினைத்தேன். அவர் அத்தானுக்கு ஒரு கோட்டும் காலுறையும் கொடுத்து, உள்ளே கூண்டுகளிடம் அழைத்துப் போனார். அத்தான் ஐஸ் பெட்டியைக் கீழே வைக்கவே இல்லை. "மருந்து ஏத்தின எலி எதுங்க?" "இதோ, இந்த வரிசை." "குணமாயிடுச்சுங்களா?" "மத்ததைவிட மெதுவாத்தான் போகுது." அத்தானுக்கு முகம் மலர்ந்துவிட்டது. "மெதுவா குணமாகுது! பரவாயில்லைங்க, நாங்க காத்திருப்போம்." எலியம்மா என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு அத்தானிடம் தணிந்த குரலில், "இல்லைங்க. மெதுவா சாகுது" என்றார்.

அத்தான் குனிந்து, அந்த வரிசையில் முதல் கூண்டிலிருந்த எலியைப் பார்த்தார். அது மூக்கைக் கம்பிக்கு வெளியே நீட்டி அவர் கோட்டை முகர்ந்தது. பிறகு எலியம்மாவே விளக்கினார்: அனுப்புகிற உருண்டையில் பெரும்பாலானது கல்லீரலிலும் மண்ணீரலிலும் இறங்கிவிடுமாம், நூற்றுக்கு ஒன்று கட்டிக்குப் போய்ச் சேர்ந்தாலே அவர்கள் கேக் வெட்டுகிறார்களாம். எலியிலிருந்து மனுஷனுக்கு வருவதற்குள் பாதி யோசனைகள் வழியிலேயே செத்துப்போகுமாம். வெளியே வந்ததும் அத்தான் பெட்டியைத் திறந்து ஐஸ் தண்ணீரைச் செடிக்கு ஊற்றினார். "உங்க அக்காகிட்ட நான் இதைச் சொல்ல மாட்டேன் மாப்ள. நீ எழுதினே, நீயே அழி" என்றார். அந்த மனிதர் என்னிடம் குரல் உயர்த்தாமல் பேசின முதல் கோபம் அது.

ஆகவே அழிக்கிறேன். அக்கா, என் செய்தியை ஃபிரிட்ஜிலிருந்து கிழித்துப் போடு. உருண்டை உனக்காக வராது. நீல மருந்து வராது. "விரைவில்" என்பது மருந்தின் பெயரில்லை, தம்பியின் சோம்பேறித்தனம். உனக்கு இருப்பது அந்த இரண்டு பாட்டில்தான், அந்தப் பழைய சிவப்புத் தண்ணியும் அதன் கூட்டாளியும். வியாழக்கிழமை ஆஸ்பத்திரியில் கட்டில் பிடித்து வைத்திருக்கிறார்கள். அரை நாளும் நான் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன். டம்ளரை நான் பிடித்துக்கொள்கிறேன். நீ திட்டு. சலிக்கச் சலிக்கத் திட்டு. பாட்டில் தீர்ந்தும் திட்டு தீராமல் இருந்தால் வீட்டுக்கு வந்தும் கேட்டுக்கொள்கிறேன். உன்னை விட்டால் என்னைக் குட்ட ஆளில்லை அக்கா, இந்த வயதில் புதிதாக யாரைத் தேடுவேன்?

அத்தானுக்கு என் மன்னிப்பு. ஐஸ் பெட்டிக்கு என் வணக்கம். சின்ன மாமாவுக்கு எதுவும் சொல்ல வேண்டாம், அவர் அதையும் குழுவில் போடுவார். உனக்குச் சொல்ல ஆசீர்வாதம் என்னிடம் இல்லை, இளையவன். நீ எனக்குச் செய்ய வேண்டியதை வியாழக்கிழமை வந்து செய்.

உன் குட்டுக்குத் தலை குனியும்,
தம்பி

பி.கு: இனி எதை எழுதினாலும் எலியம்மாவிடம் காட்டிவிட்டுத்தான் என்று சத்தியம் செய்திருப்பதால் இந்தக் கடிதத்தையும் காட்டினேன். படித்துக்கொண்டே வந்தவர் "உள்ளங்கை எரியுது" என்ற இடத்தில் நின்று, "உங்க அக்காவுக்கு ஏத்துற சிவப்பு மருந்து பேர் என்ன?" என்றார். அத்தானுக்குப் போன் போட்டுக் கேட்டுச் சொன்னேன். எலியம்மா சிரித்து நான் பார்த்ததில்லை, அன்று பார்த்தேன். "அட, அது கொழுப்பு உருண்டைக்குள்ள அடைச்சுத்தான் வருது. என் உருண்டை சைசுதான். பல வருஷமா ஆஸ்பத்திரியில இருக்கு. ரத்தத்துல ரொம்ப நாள் சுத்தும், உள்ளங்கையில கசியும், அதான் எரிச்சல். டாக்டர்கிட்ட சொன்னா அளவைப் பார்த்துக் குடுப்பாங்க. இத்தனை வருஷம் இதைப் பத்தித்தானே எழுதுறீங்க, தெரியாதா?" என்றார். எனக்குத் தெரியாது. ஆக, உருண்டை வரட்டும் என்று நீ உதறிவிட்டு வந்தது உருண்டையைத்தான் அக்கா. நிறம் மட்டும் சிவப்பு.