அக்காவைத் தலைகீழாக்கிய லினக்ஸ்

எங்கள் தேயிலைத் தோட்டத்தில் ஒரே லெப்டொப்பில் இரண்டு இயங்குதளம் ஓட்டிய முதல் ஆள் நான்தான். (இரண்டாவது ஆள் இன்னும் வரவில்லை. வரவும் மாட்டார். கதை பெரகல சந்தி வரைக்கும் போய்விட்டது.)

விண்டோஸோடு லினக்ஸையும் போடப் போகிறேன் என்றதும், "ஒண்ணுக்குள்ள எப்புடி ரெண்டு இருக்கும்?" என்றார் அப்பா. எங்கள் லயத்து வரிசை வீட்டில் ஒரே காம்பராவைப் பலகையடித்துப் பாதியாக்கி, அந்தப் பக்கம் சித்தப்பா குடும்பம், இந்தப் பக்கம் நாங்கள். "அதே மாதிரிதாம்ப்பா, நடுவுல பலகை அடிக்கிறேன்" என்றேன். அப்பாவுக்கு உடனே புரிந்துவிட்டது. எனக்குத்தான் சரியாகப் புரியவில்லை.

மறுநாள் அதே லெப்டொப்பில் வீடியோ வழியாக அக்காவுக்கு நேர்முகப் பரீட்சை. ஒரு கம்பனியின் பதுளைக் கிளையில் வேலை. கிடைத்தால் வீட்டிலிருந்தே போய்வரலாம். இல்லையென்றால் கொழும்பில் துணிக்கடையில் நிற்க வேண்டும். அப்பா காலையில் வேலைக்குப் பெயர் கொடுக்கும் பெரட்டுக்குக்கூடப் போகவில்லை.

லெப்டொப்பைத் திறந்தால் லினக்ஸ் மட்டும் வந்தது. விண்டோஸுக்குப் போக வழியே காட்டவில்லை.

"பலகை அடிச்ச, சரி. அந்தப் பக்கம் போகக் கதவு விட்டியா?" என்றார் அப்பா.

விடவில்லை.

"இதுலயே பண்ணலாம், ஒண்ணும் ஆவாது" என்றேன், திமிர் குறையாமல். போனிலிருந்து இன்டர்நெட் கொடுத்தேன். சத்தம் வந்தது, படமும் வந்தது. படத்தில் அக்கா சேலையும் பூவுமாகத் தலைகீழாகத் தொங்கினாள்.

"என்னடி இது, வௌவாலு மாதிரி!" அக்காவுக்கு அழுகையே வந்துவிட்டது.

அந்தக் கமெராவின் படத்தை விண்டோஸ்தான் இத்தனை நாளும் நிமிர்த்திக் காட்டியிருக்கிறது. லினக்ஸுக்கு அந்தத் தாட்சண்யம் இல்லை. சரிசெய்ய நேரமும் இல்லை. அப்போதுதான் என் மூளை வேலை செய்தது (இதில் எனக்கு இன்றைக்கும் பெருமைதான்). லெப்டொப்பையே கவிழ்த்துப் பிடித்தால் அக்கா நிமிர்ந்துவிடுவாளே! அப்பா அவளுக்கு எதிரே தரையில் குந்தி, கீபோர்ட் மேலே வரும்படி இரண்டு கையாலும் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தார். அக்கா நிமிர்ந்தாள். ஆனால் லெப்டொப் ஆடிக்கொண்டே இருந்தது.

"நீங்க பஸ்ல வர்றீங்களா? ஆடுதே" என்றார் நேர்முகம் எடுத்த மேடம்.

"இல்லீங்க மேடம், வீட்டுலதான். அப்பா புடிச்சிக்கிட்டு இருக்காரு."

"ஆபீஸ்ல கம்ப்யூட்டர் பழுதானா என்ன செய்வீங்க?" என்று கேட்டார் மேடம்.

"எது செஞ்சாலும் தங்கச்சிகிட்ட குடுக்க மாட்டேன் மேடம்."

மேடம் சிரித்த சிரிப்பைவிட, பலகைக்கு அந்தப் பக்கமிருந்து சித்தப்பா சிரித்ததுதான் பெரிதாகக் கேட்டது.

வேலை கிடைத்தது. அதை வாங்கிக் கொடுத்தது என் லினக்ஸ்தான் என்று நான் இன்றும் சாதிக்கிறேன். அன்று மாலையே விண்டோஸுக்கும் கதவு வைத்துவிட்டேன். இரண்டும் இப்போது சண்டையில்லாமல் ஓடுகின்றன. ஆனாலும் அக்கா சம்பளத்தில் வாங்கிய புதுப் போனை நான் கையில் எடுத்தால் போதும், அப்பா ஒரு வார்த்தை பேசாமல் தரையில் குந்தி, இரண்டு கைகளையும் தலைக்கு மேல் தூக்கிக்கொள்வார்.