குருமனைச் சாவி

தலையில் ஈரத்துண்டோடு குளியலறையிலிருந்து வெளியே வந்த போதகரம்மா, கூடத்தில் சபைச் செயலாளர் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருப்பதைப் பார்த்து, வந்த வேகத்திலேயே உள்ளே ஓடினாள்.

"வாசக்கதவைப் பூட்டிட்டுத்தானே குளிக்கப் போனேன்?" என்று உள்ளேயிருந்து கத்தினாள்.

"எங்கிட்ட சாவி இருக்கும்மா. சபை குடுத்த வீடுதானே?" என்றார் அவர் பெருந்தன்மையாக.

குருமனைக்குக் குடிவந்த நாள் முதல் இதே கூத்துதான். கதவைத் தட்டிவிட்டு வந்த ஆளே கிடையாது. பாடகர் குழு கூடத்தில் ஒத்திகை பார்த்தது. பொருளாளர் சமையலறை அலமாரியைத் திறந்து, சபைப் பாத்திரம் எதுவும் குறைகிறதா என்று குடைந்தார். வந்தவர்களுக்கெல்லாம் அவள் பல்லைக் கடித்துக்கொண்டு டீ போட்டாள். போதகர் சிரித்த முகமாக அவர்களோடு உட்கார்ந்து குடித்தார்.

"ஏங்க, நீங்களாவது சொல்லக் கூடாதா?"

"ஆண்டவரோட வீடும்மா. நாம வெறும் விருந்தாளிங்க."

"விருந்தாளி குளிக்கும்போது யாருங்க உள்ள வருவா?"

அன்றே பூட்டை மாற்றினாள். மறுநாள் பொருளாளர் புதுச்சாவியால் திறந்துகொண்டு வந்து, "பூட்டு வெண்ணெய் மாதிரி திரும்புதும்மா!" என்று பாராட்டினார்.

பூட்டுக்காரர்தான் காட்டிக்கொடுத்தார் என்று அவரைத் திட்டிவிட்டு, ஊரின் மறுகோடியிலிருந்து வேறொருவரைப் பிடித்து வந்தாள். அன்று மாலையே பாடகர் குழு தானாகத் திறந்துகொண்டு வந்தது. இந்த முறை டிரம்மோடு.

சாவியே வேண்டாமென்று உள்தாழ்ப்பாள் போட்டாள். காலை ஜெபம் முடித்து வந்த போதகர் கதவைத் தட்டினார். செயலாளராக்கும் என்று அவள் வாயே திறக்கவில்லை. போதகர் பின்ஜன்னலில் ஏற, அங்கி கொக்கியில் மாட்டிக்கொண்டது. அந்தரத்தில் தொங்கியவரைச் சபையார் கூடித்தான் இறக்கினார்கள்.

உடனே அவசரக் கூட்டம். அதுவும் குருமனைக் கூடத்திலேயே.

"போதகரையே வெளிய நிறுத்திட்டீங்களே!" என்றார் செயலாளர்.

போதகரம்மா எழுந்தாள். முந்தானையை இழுத்துச் செருகினாள்.

"வீடு சபையோடதுதான், ஒத்துக்கறேன். ஆனா மழைக்கு ஒழுகற இடத்துல வாளி வைக்கறது நான். இனிமே தட்டணும். நான் 'வாங்க'ன்னு சொன்னாத்தான் உள்ள வரணும். இல்லன்னா ஞாயித்துக்கிழமை கோயில் வாசல்ல பாய் போட்டு உக்காருவேன். வர்றவங்க எல்லாரும் ஏன்னு கேப்பாங்க. நானும் ஒண்ணு விடாம சொல்லுவேன்."

"ஒரு போதகரம்மா பேசற பேச்சா இது?"

"இல்ல. இந்த வீட்டுக்காரி பேசற பேச்சு. வைங்க சாவியை!"

செயலாளர் சட்டைப்பையைத் துழாவினார். பிறகு மேசைமேல் ஒரு சாவி விழுந்தது. இன்னொன்று. அப்புறம் பொலபொலவென்று விழுந்தன. எல்லாவற்றையும் வாரி மடியில் கட்டிக்கொண்டாள். போதகரின் முகம் மட்டும் ஏனோ வாடிக்கிடந்தது.

கூட்டம் கலைந்ததும் ஆர்கன் வாசிக்கும் அம்மாளை நிறுத்தி, "அக்கா, ரெண்டு பூட்டுக்காரர்ல யாரு உங்களுக்கெல்லாம் சாவி குடுத்தது?" என்று கேட்டாள்.

"அவங்க என்ன பாவம் பண்ணாங்க? நம்ம போதகர் ஐயாதான் வீடுவீடா வந்து குடுத்தாரு. 'டாக்டர் சர்க்கரையை நிறுத்தினதுலேர்ந்து, யாராவது வந்தாத்தான் எனக்கு இனிப்பா ஒரு டீ கிடைக்குது, தயவுசெஞ்சு வந்துட்டே இருங்க'ன்னு கெஞ்சினாரேம்மா!"