புதுக் கப்பலுக்குப் பழைய துரு

கப்பல் கட்டுகிறவர்களில் இரண்டு இனம் உண்டு. கட்டிய கப்பலைத் தண்ணீரில் விடுகிறவர்கள் ஒரு இனம். அவர்களைப் பற்றி இங்கே பேச்சில்லை, அவர்களுக்கு வேலை இருக்கிறது. சாப்பாட்டு மேசையில் கப்பல் கட்டி, கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து, அதன்மேல் ஒரு தூசி விழுந்தால் வீட்டையே இரண்டாக்குகிறவர்கள் இன்னொரு இனம். இவர்களுக்கு ‘மாதிரிக் கப்பல் கலைஞர்’ என்று பெயர். வைத்துக்கொண்டது அவர்களேதான்.

இந்த இனம் கடற்கரையில்தான் வாழும் என்று எண்ணிவிடாதீர்கள். நமக்குக் கிடைத்திருக்கும் அருமையான உருப்படி ஆவூர் பங்கிராஸ். கடலைக் கண்ணால் பார்க்க வேண்டுமென்றால் அவர் பஸ் மாறிப் பஸ் ஏறி மணமேல்குடி வரைக்கும் போக வேண்டும். ஒரு தடவை போனார். கரையில் படகுக்குப் பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்த மதுரைவீரனிடம், தண்ணீர் மட்டக் கோடு அரை விரல் ஏறியிருக்கிறது என்று இருபது நிமிடம் விளக்கினார். மதுரைவீரன் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “இருக்கட்டும் சார், இது ஓடுதுல்ல” என்றான். பங்கிராஸ் அந்தப் பக்கம் அதற்கப்புறம் போகவேயில்லை.

சவூதியில் ஒரு துறைமுகக் கிடங்கில் பதினெட்டு வருடம் வேலை பார்த்துவிட்டு ஆறு வருடத்துக்கு முன்னால் ஊர் திரும்பியபோது இரண்டு பெட்டி கொண்டுவந்தார். பெரிய பெட்டியில் தனக்கு ஏதாவது இருக்கும் என்று மனைவி ஜாஸ்பின் நினைத்தாள். நியாயமான நினைப்புதானே? திறந்தால் ஆயிரத்துச் சொச்சம் பிளாஸ்டிக் துண்டுகள். யமாட்டோ என்கிற ஜப்பான் போர்க்கப்பல். அசலில் முந்நூற்றைம்பதில் ஒரு பங்கு; நீளம் இரண்டரை அடி. அசல் கப்பலைக் கட்டி முடிக்க ஜப்பான்காரனுக்கு நாலு வருடம் ஆயிற்று. பங்கிராஸுக்கு இது ஆறாவது வருடம்.

அன்றிலிருந்து அந்த வீட்டில் சட்டதிட்டங்கள் மாறின. முன்னறையில் ஃபேன் போடக்கூடாது, பீரங்கி பறந்துவிடும். சித்திரை மாதத்து வெயிலில் வந்து உட்கார்ந்த சம்பந்திக்கும் இதே சட்டம்தான். தும்மல் வந்தால் வாசலுக்குப் போய்த் தும்ம வேண்டும். யாராவது, “நல்லா இருக்கே, என்ன பொம்மை இது?” என்று கேட்டுவிட்டால் போச்சு. “இது பொம்மை இல்ல” என்று ஆரம்பிப்பார். சாம்பல் நிறம் என்று நீங்களும் நானும் ஒன்றைத்தான் அறிவோம். பங்கிராஸிடம் பதினோரு சாம்பல் இருந்தது. குரே துறைமுகத்துச் சாம்பல் வேறு, சசெபோ துறைமுகத்துச் சாம்பல் வேறு; இது தெரியாதவனோடு என்ன பேசுவது என்று அவர் பாதி ஊரோடு பேச்சை நிறுத்தியிருந்தார். ஊர் அதைக் கவனிக்கவில்லை என்பது வேறு விஷயம்.

கப்பலின் கொடிமரத்துக்குக் கம்பி இழுக்க அவருக்குத் தலைமுடி தேவைப்பட்டது. ஒரு முடியின் கனம் முந்நூற்றைம்பது மடங்கானால் அசல் கம்பியின் கனம் வருமாம். “ஏ ஜாஸ்பின், ஒரு முடி குடு” என்பார். அவளும் அடுப்படியிலிருந்து வந்து குனிவாள். கல்யாணமான முப்பது வருடத்தில் அவர் அவளுடைய கூந்தலைக் கவனித்தது அப்போதுதான். ஒரு நாள் பிடுங்கியதை விளக்கில் காட்டிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

“இது நரைச்சது. ஸ்கேலுக்கு ஒத்துவராது.”

இதையெல்லாம் ஜாஸ்பின் பொறுத்துக்கொண்டாள். அவளால் பொறுக்க முடியாதது ஒன்றே ஒன்று: மாமியார் அருளம்மாளின் கல்லறை.

ஆவூர்ப் பக்கம் கத்தோலிக்கக் குடும்பங்களில் நவம்பர் இரண்டாம் தேதி, கல்லறைத் திருநாள். அதற்கு முந்தின வாரமே புல் வெட்டி, வெள்ளையடித்து, பெயரைப் புதிதாக எழுதிவிட வேண்டும். அன்றைக்குச் சாயந்தரம் பூவும் மெழுகுவத்தியுமாகக் குடும்பமே நிற்க, சாமியார் ஒவ்வொரு கல்லறையாகத் தீர்த்தம் தெளித்து மந்திரித்துக்கொண்டு வருவார். அருளம்மாள் படுக்கையில் கிடந்த இரண்டு வருடமும் பார்த்துக்கொண்டது ஜாஸ்பின்தான். மகன் கிடங்கில் இருந்தார். சாவுக்கும் வரவில்லை, போனில் பார்த்தார். கடைசி வாரம் கிழவி மருமகளின் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டது ஒன்றுதான்: “ஏத்தா, என் மேல செடி மொளைக்க விட்டுறாத. வருசா வருசம் வெள்ளையடிச்சுரு.” சரி என்று ஜாஸ்பின் வாக்குக் கொடுத்தாள். கொத்தனார் முனியசாமியை வைத்து வருடம் தவறாமல் அடித்தும் வந்தாள், கலைஞர் ஊர் திரும்பும் வரைக்கும்.

திரும்பியதும் கலைஞர் முனியசாமியை வாசலோடு திருப்பி அனுப்பினார்.

“அரை மணி நேர வேலைங்க சார். ஒரு வாளி சுண்ணாம்பு” என்றான் முனியசாமி.

“அரை மணி நேரத்துல பண்றதெல்லாம் ஒரு வேலையாய்யா? வீட்டுல நான் இருக்கையில எங்கம்மாவுக்கு மட்டையால சுண்ணாம்பா?”

இந்த இனத்தின் தலையாய குணம் இதுதான், குறித்துக்கொள்ளுங்கள். தானும் செய்ய மாட்டார், செய்கிறவனையும் விட மாட்டார். போன வருடம் காற்றில் ஈரப்பதம் அதிகம் என்றார். ஐப்பசியில் ஈரப்பதம் இல்லாமல் என்ன இருக்கும்? கடைசியில், திருச்சியிலிருந்து வந்த தங்கை ஏஞ்சல், பட்டுச்சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அம்மாவின் மேல் முளைத்திருந்த செடியைக் கையால் பிடுங்கினாள். ஊரே பார்த்தது. ஜாஸ்பின் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

ஆகையால் இந்த வருடம் அவள் ஒரே பிடியாக நின்றாள். “வெள்ளையடிக்கலைன்னா இனிமே ஒங்க கப்பலுக்கு ஒரு முடி கெடையாது” என்றாள். கொடிமரத்தில் இன்னும் நாலு கம்பி பாக்கி இருந்தது. பங்கிராஸ் இறங்கி வந்தார்.

பூதக்கண்ணாடி விளக்குக்கு அடியிலிருந்து தலையைத் தூக்காமலே கேட்டார்: “பேரு எழுதணும். அம்மா எறந்த வருசம் பதினஞ்சா, பதினாறா?”

ஜாஸ்பினுக்குச் சுருக்கென்றது. யமாட்டோ மூழ்கியது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்தைந்து ஏப்ரல் ஏழு, பிற்பகல் இரண்டு மணி இருபத்து மூன்று நிமிடம் என்று அவர் தூக்கத்தில் எழுப்பினாலும் சொல்வார். “பதினாலு” என்றாள். “ஆகஸ்ட் மூணு. ஞாயித்துக்கெழம.”

ஒன்றாம் தேதி மத்தியானம் அவள் போய்ப் பார்த்தபோது நம்ப முடியவில்லை. பிரைமர் போட்டு, உப்புக்காகிதம் தேய்த்து, மூன்று பூச்சுப் பூசி, அருளம்மாளின் கல்லறை பால் போல இருந்தது. சிலுவை நேராக நின்றது. எழுத்து அச்சடித்த மாதிரி இருந்தது. இத்தனை வருடமாக மனுசனைத் தப்பாக நினைத்துவிட்டோமே என்று அவளுக்குக் கண் கலங்கியது.

“நல்லா இருக்குங்க” என்றாள்.

“இன்னும் முடியல” என்றார் பங்கிராஸ். “பெயிண்ட் அடிச்சதோட விட்டா அது பொம்மை. வெயில் மழை பட்ட மாதிரி கொண்டாந்தாத்தான் உயிர் வரும்.”

அவர் கப்பலைப் பற்றிப் பேசுகிறார் என்று நினைத்து ஜாஸ்பின் பலகாரம் சுட வீட்டுக்குப் போனாள். பாவம், அவளுக்கு என்ன தெரியும்? இந்த இனத்தின் கலையில் பெயிண்ட் அடிப்பது பாதி வேலைதான். அடித்த பெயிண்டைக் கெடுப்பது மீதி வேலை. புதுப் பீரங்கிக்குத் துருக் கறை வைத்து, புதுச் சுவரில் மழை ஒழுகிய தடம் இழுத்து, வாங்கி ஒரு வாரம் ஆகாத பிளாஸ்டிக்கை எண்பது வருடம் கடலில் கிடந்ததாகக் காட்டினால்தான் அவர்களுக்குச் சோறு இறங்கும்.

மறுநாள் சாயந்தரம் ஏஞ்சல் சாமந்தி மாலையோடு வந்தாள். ஜாஸ்பின் பெருமையாக முன்னால் நடந்தாள். ஊர்க் கல்லறையெல்லாம் வெள்ளை வெளேரென்று நின்றது. நடுவே ஒன்று மட்டும், சிலுவைக் கையிலிருந்து துரு வழிந்து, பக்கமெல்லாம் கறுத்த மழைத் தடமும், அடியில் பச்சைப் பாசியும், பாதி உதிர்ந்த பெயருமாக நாதியற்றுக் கிடந்தது. விடிவெளிச்சத்திலிருந்து மத்தியானம் வரைக்கும் குந்தி உட்கார்ந்து, மூன்றாம் நம்பர் பிரஷ்ஷால் பங்கிராஸ் அதைச் சாதித்திருந்தார்.

“அண்ணி, இது அம்மாதானா?” என்றாள் ஏஞ்சல்.

பதில் சொல்லுமுன் சாமியார் வந்துவிட்டார். பங்குக்குப் புதிதாக வந்த இளவயதுக்காரர். கல்லறையைப் பார்த்தார். முகம் வாடியது. கூட்டத்தைப் பார்த்து, “இங்கே யாரும் வரவில்லை போலிருக்கிறது. நினைப்பாரற்ற இந்த ஆத்துமாவுக்காக நாம் எல்லோரும் சேர்ந்து ஜெபிப்போம்” என்றார். ஊரே முழங்கால் போட்டது. சாமியார் தீர்த்தம் தெளித்தார்.

பங்கிராஸின் கண்ணில் நீர் கோத்துக்கொண்டது. சந்தோஷத்தில். “பாத்தியா ஜாஸ்பின்,” என்று காதோரம் சொன்னார், “சாமியே ஏமாந்துட்டாரு.”

ஜாஸ்பின் எழுந்தாள். நாலு கல்லறை தள்ளி முனியசாமி வேலை முடித்து மிச்சம் வைத்திருந்த சுண்ணாம்பு வாளியையும் மட்டையையும் எடுத்துக்கொண்டு வந்தாள். திருநாள் சேலையோடு அடித்தாள். துரு போனது, பாசி போனது, அச்சடித்த எழுத்தும் சேர்ந்து போனது.

“ஏ, ஏ, உள் கோட்டிங் இன்னும் காயல!” என்று பங்கிராஸ் அலறினார்.

அவள் அவர் பக்கம் திரும்பவேயில்லை. கையெல்லாம் சுண்ணாம்போடு சாமியாரிடம் போய் நின்றாள். “சாமி, இவுங்களுக்கு ஆள் இருக்கு. இன்னொரு தடவ தெளிச்சு விடுங்க” என்றாள்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். உங்கள் வீட்டு மேசையில் கப்பல் இல்லை என்ற தைரியம். சரி, ஒரு சின்னச் சோதனை. எந்த மேட்சில் யார் எத்தனையாவது பந்தில் சிக்ஸர் அடித்தார், எந்த போன் எந்த மாதம் வெளிவந்தது என்று நிமிடக் கணக்கோடு உங்களுக்குத் தெரிந்த ஒன்று இருக்குமே, அதை நினைத்துக்கொள்ளுங்கள். இப்போது உங்கள் அம்மா பிறந்த தேதியைச் சொல்லுங்கள். வருடத்தோடு.

யோசிக்கிறீர்களா? மெதுவாக யோசியுங்கள், அவசரமில்லை. அதற்குள் நான் உள்ளே போய் என் வீட்டுக்காரியிடம் கேட்டுக்கொண்டு வந்துவிடுகிறேன்.