பக்கவிளைவு மாமாவும் மாத்திரைக் கம்பெனியும்

மருந்துக் கம்பெனிக்குப் பயந்த மனிதர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். மருந்துக் கம்பெனியே பயந்த மனிதர் ஒருவர்தான். அவர் தொண்டிக்கு மேற்கே உள்ள கிராமத்தில் குண்டு மிளகாய் போட்டவர். சொந்தப் பெயர் அவருடைய ரேஷன் கார்டுக்குத் தெரியும். எங்களுக்கு அவர் பக்கவிளைவு மாமா.

அப்போது நான் தொண்டி பஸ் நிலையத்துக்கு எதிரே ஒரு மருந்துக்கடையில் வேலை பார்த்தேன். ரத்தக்கொதிப்பு மாத்திரை வாங்க வந்த மாமா, புது செல்போனை என் முன்னால் நீட்டினார்.

"ஏலே தம்பி, இந்த மாத்திரைக்காரய்ங்க பேஸ்புக்குல இருக்காய்ங்களாமே. எடுத்துக் குடு, பாப்போம்."

எடுத்துக் கொடுத்தேன். கடற்கரையில் ஒரு ஜோடி காரணமே இல்லாமல் சிரித்துக்கொண்டு ஓடியது. அதற்கு மேல், 'இன்று நீங்கள் எப்படி இருக்கிறீர்கள்? எங்களிடம் சொல்லுங்கள்!' என்று எழுதியிருந்தது.

இப்படிப்பட்ட கேள்விக்கு யாரும் பதில் சொல்வதில்லை. ஒரு லைக்கைத் தட்டிவிட்டு நகர்ந்துவிடுவார்கள். மாமா கடை பெஞ்சில் உட்கார்ந்து ஒற்றை விரலால் எழுதினார்: 'நலம். நலமறிய ஆவல். மாத்திரை போட்டதிலிருந்து வறட்டு இருமல். இந்த வருசம் மிளகாய் சுமார்.' கடிதம் எழுதுகிற பழக்கத்தில், அடியில் தன் போன் நம்பரையும் போட்டார்.

மறுநாளே சென்னையிலிருந்து போன் வந்துவிட்டது. மருந்தால் தொந்தரவு என்று யார் எழுதினாலும் கம்பெனி அதை விசாரித்தே ஆகவேண்டுமாம். விசாரித்த பெண்ணின் பெயர் காயத்ரி. அப்போதும் எங்கள் கடை பெஞ்சில் இருந்த மாமா ஸ்பீக்கரைப் போட, பக்கத்து டீக்கடையே கிளாசும் கையுமாக எங்கள் கடைக்கு வந்துவிட்டது.

"சார், இது எல்லாரையும் கேக்குற கேள்வி, தப்பா நினைக்காதீங்க. நீங்க கர்ப்பமா இருக்கீங்களா?"

அறுபது தாண்டிய மாமா நிதானமாக யோசித்தார். "இப்போதைக்கு இல்லம்மா. இருந்தா மொதல்ல ஒனக்குத்தான் சொல்லுவேன்."

டீக்கடைக்காரர் சிரித்த சிரிப்பில் அங்கே பால் பொங்கி அடுப்பே அணைந்துபோனது. காயத்ரியும் சிரித்துவிட்டு, இருமலை உடனே டாக்டரிடம் காட்டச் சொன்னாள், மாத்திரையை மாற்ற வேண்டியிருக்கலாம் என்றாள். மாமா "ஆகட்டும் தாயி" என்றார். போனை வைத்ததும் என் பக்கம் திரும்பினார்.

"காட்டுனா இருமல் நின்னு போகும்ல? பெறகு அந்தப் புள்ள என்னத்தக் கேக்கும்?"

அன்றிலிருந்து மாமா வீட்டில் எது நடந்தாலும் மாத்திரையின் பக்கவிளைவுதான். மாத்திரை போட்ட பிறகு பம்புசெட் மோட்டார் எரிந்தது. மாத்திரை போட்ட பிறகு ஆடு பக்கத்துக் கொல்லையில் மேய்ந்தது. மாத்திரை போட்ட பிறகு மாமியார் வந்தார். எல்லாவற்றையும் கம்பெனியின் பேஸ்புக் பக்கத்தில் எழுதினார். கடமை தவறாத காயத்ரி ஒவ்வொன்றுக்கும் கூப்பிட்டாள்.

"மாமியார் வந்தது மாத்திரை சாப்பிடுறதுக்கு முன்னாடியா, பின்னாடியா சார்?"

"பின்னாடிம்மா. முன்னாடியே வந்திருந்தா ரெண்டாப் போட்டிருப்பேன்."

அத்தை என்னிடம் வந்து புலம்பினார். "கட்டுன பொண்டாட்டிகிட்ட வாயத் தொறக்க மாட்டாரு தம்பி. அந்தப் புள்ள கேட்டா வயித்துப்போக்கக்கூட வெவரமாச் சொல்லுறாரு. வாய மூடிக்கிட்டு இருங்கன்னாலும் கேக்குறாரா?"

செய்தி பரவ, ஊர்க்காரர்களும் மாமாவிடம் சொல்லி எழுதவைத்தார்கள். சிரித்துக்கொண்டு ஓடிய ஜோடியின் காலடியில் மூட்டுவலியும் மூலமும் மலச்சிக்கலும் மலைபோலக் குவிந்தன. கம்பெனி மிரண்டது. விளம்பரப் பிரிவிலிருந்து கறுப்புக் கண்ணாடி போட்ட அதிகாரி ஒருவர் காரில் வந்து இறங்கினார்.

"சார், நீங்க எதுக்குக் கமெண்டெல்லாம் போட்டுக்கிட்டு? எங்க விடியோவுலேயே வாங்க. 'இந்த மாத்திரை என் வாழ்க்கையையே மாத்திருச்சு'ன்னு சொன்னாப் போதும்."

மாமாவுக்குத் தலைகால் புரியவில்லை. மருந்துக்கடைத் தம்பியும் கூட வந்தால்தான் வருவேன் என்று என்னையும் இழுத்துக்கொண்டு போனார். காரங்காட்டில், அலையாத்திக் காட்டுக்குள் படகில் படப்பிடிப்பு. மாமா வெள்ளை வேட்டியில் மாப்பிள்ளை போல உட்கார்ந்திருந்தார்.

"இந்த மாத்திர என் வாழ்க்கையயே..." இருமல். மறுபடி எடுத்தார்கள். "இந்த மாத்திர..." மறுபடியும் இருமல். கரையில் இருந்த கொக்கெல்லாம் பறந்துவிட்டன.

கொஞ்ச நேரத்தில் மாமா தன் உதட்டைத் தடவினார். "ஒரு மாதிரி தடிக்குது தம்பி."

"பரவால்ல சார், கேமராவுல முகம் நல்லா நெறைவா இருக்கு" என்றார் அதிகாரி.

அடுத்த முறை 'மாத்திர' என்பதே மாமாவின் வாயில் 'மாத்தில' என்று வந்தது. உதடு பணியாரம்போல உப்பிவிட்டது. மாமாவின் போனைப் பிடுங்கிக் காயத்ரியைக் கூப்பிட்டு, ஸ்பீக்கரைப் போட்டு, உதடு வீங்கியதைச் சொன்னேன்.

"நாக்கு வீங்கியிருக்கா? மூச்சு விடச் சிரமப்படுறாரா?"

"ரெண்டும்தான்."

"அது அந்த மாத்திரையாலதான் இருக்கும். அபூர்வமா இப்படி ஆகும். இனிமே ஒண்ணுகூடத் தொடக்கூடாது. இப்பவே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்க!"

"மேடம், ஒரே ஒரு ஷாட் பாக்கி..." என்று இழுத்தார் அதிகாரி.

"நான் எழுதப்போற அறிக்கையில உங்க பேரும் வரணுமா சார்?"

படகு அந்த நிமிடமே திரும்பியது. கம்பெனி காரிலேயே மாமாவை ஏற்றி ராமநாதபுரத்துக்குப் பறந்தோம். கறுப்புக் கண்ணாடி எங்கே விழுந்ததோ, அதிகாரி வழி நெடுகத் தன் கையாலேயே மாமாவுக்கு விசிறிக்கொண்டு வந்தார். மாமா என் மணிக்கட்டை இறுகப் பிடித்திருந்தார். அவர் வாயிலிருந்து ஒரு வார்த்தை வரவில்லை.

நல்லவேளை, நேரத்துக்குப் போய்விட்டோம். ஊசியும் ஆக்சிஜனும் கொடுத்துக் காப்பாற்றினார்கள். தலைவிரிகோலமாக ஓடிவந்த அத்தை, கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

"வாய மூடிக்கிட்டு இருங்கன்னு நாந்தான் சொன்னேன். அதுக்காக இப்புடியா மூடுவிய?"

வீங்கிய உதட்டோடு மாமா சிரிக்கப் பார்த்தார். அதைப் பார்த்து அத்தை இன்னும் அதிகமாக அழுதார்.

விடியோ வெளிவரவில்லை. கம்பெனியும் தன் பக்கத்தில் 'எப்படி இருக்கிறீர்கள்?' என்று கேட்பதை அடியோடு நிறுத்திவிட்டது. இப்போதெல்லாம் பண்டிகை வாழ்த்து மட்டும்தான். டாக்டர் மாற்றிக் கொடுத்த மாத்திரையோ பேஸ்புக்கிலேயே இல்லாத கம்பெனியுடையது. "வாயில்லாக் கம்பெனிடா இது" என்று மாமா கொஞ்சநாள் துக்கம் காத்தார். இருமல் நின்றதில் அவருக்கு எந்தச் சந்தோஷமும் இல்லை.

காயத்ரி கடைசியாக ஒருமுறை கூப்பிட்டு, எல்லாம் குணமாகிவிட்டதா என்று கேட்டாள். "கொணமாயிருச்சு தாயி" என்று மாமா ஒப்புக்கொண்டபோது அவர் குரல், திருட்டு பிடிபட்டவர் குரல்போல இருந்தது.

நான் இப்போது ராமநாதபுரத்துக்குக் குடிவந்துவிட்டேன். போன மாதம் காய்ச்சலில் படுத்திருந்தபோது, 'உடம்பு சரியில்லை' என்று பேஸ்புக்கில் ஒரு வரி போட்டேன். லைக்குகள் வந்து குவிந்தன. அழுகிற பொம்மைகளும் வந்தன. போன் ஒன்றே ஒன்றுதான் வந்தது.

"ஏலே, காய்ச்சல் எப்பலேருந்து? கஞ்சி குடிச்சியா? இரு, நான் பஸ் ஏறி வாரேன்."

வெறும் காய்ச்சல்தான், வரவேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. எழுந்துபோய் வாசல் கதவைத் திறந்துவைத்துவிட்டு வந்து படுத்துக்கொண்டேன்.