மூன்றாவது பேட்டரி

"தம்பி, அது ஏன் சும்மா கிடக்குது? பறக்க விடுங்க!" என்றார் ஏசுதாசன்.

கல்யாண வீடியோ எடுக்க வந்திருந்த உதயா பல்லைக் கடித்துக்கொண்டான். செம்பாக்கம் ஏரிக்கரையில் வெயில் சரிந்துகொண்டிருந்தது. மணப்பெண் கிறிஸ்டி, வெள்ளை கவுனும் தானுமாக, கரைக்குக் கீழே நின்ற காருக்குள் மேக்கப் போட்டுக்கொண்டிருந்தாள். அவளுடைய அப்பாவோ ட்ரோனைப் பார்த்ததிலிருந்து குழந்தையாகிவிட்டார்.

"சார், ஒரு பேட்டரி கொஞ்ச நேரம்தான் தாங்கும். மூணுதான் கீது. ஜோடி வந்து நின்னப்புறம் ஏத்துனாதான் கட்டுப்படியாகும்."

"ஒரே ஒரு சுத்து. எங்க வீடு தெரியுதான்னு பாத்துட்டு இறக்கிடுங்க."

வீடு தெரிந்தது. அப்புறம் சர்ச், அப்புறம் சம்பந்தி வீட்டு மொட்டைமாடி. முதல் பேட்டரி காலி.

காற்று எப்படி இருக்கிறதென்று பார்க்க, இரண்டாவது பேட்டரியைப் போட்டு உதயாவே ட்ரோனை ஏற்றினான். எங்கிருந்தோ இரண்டு பருந்துகள் வந்து துரத்தின. போக்குக் காட்டித் தப்பித்து இறங்குவதற்குள் அதுவும் காலி.

இனி ஒரு விநாடிகூட வீணாகக் கூடாது. குச்சியால் மண்ணில் கோடு போட்டுத் திட்டம் வகுத்தான். போகும்போது எதிர்காற்று, திரும்பும்போது காற்றே தள்ளிக்கொண்டு வந்துவிடும். ஒரே டேக். ஒத்திகையெல்லாம் தரையிலேயே.

மாப்பிள்ளை ஜோஸ்வினை முன்கூட்டியே அனுப்பிவைத்தான். "ப்ரோ, கரையோட அந்தக் கோடியில பனைமரத்துகிட்ட நில்லுங்க. கிறிஸ்டி மேடம் ரெடியானதும் போன் பண்றேன்."

அதற்குள் காலி பேட்டரியில் ஒன்றைக் கொஞ்சம் சார்ஜ் ஏற்றலாமே என்று கார் சார்ஜரில் சொருகினான். 'டப்' என்று ஃபியூஸ் போனது. ஏசி நின்றது.

"அண்ணா!" காருக்குள்ளிருந்து மேக்கப் போடும் கீதா அலறினாள். "போட்டதெல்லாம் கழுத்துக்கு வழியுது! திரும்ப முதல்லேருந்து போடணும்!"

டிரைவர் ஃபியூஸை மாற்ற, ஏசி ஓட, கார்க் கதவு மறுபடி மூடிக்கொண்டது. உதயா கரைமேல் குறுக்கும் நெடுக்கும் நடந்தான். சூரியனைப் பார்த்தான். மணியைப் பார்த்தான். நகத்தைக் கடித்தான்.

"அதோ! போயிட்டாங்க தம்பி!" ஏசுதாசன் துள்ளினார்.

பனைமரத்தடியில் மாப்பிள்ளையின் நீலக் கோட்டுக்குப் பக்கத்தில் ஒரு வெள்ளை உடை.

"எப்ப போனா? நம்மகிட்ட சொல்லவே இல்லையே!"

"கீழ வழியா போயிருப்பாங்க சார். பேச நேரமில்ல."

போன் செய்தால் மாப்பிள்ளை கேமராவைத் தேடி விறைத்து நிற்பார் என்று போனையும் தொடவில்லை. ட்ரோனை ஏற்றி, உயரத்திலேயே நிறுத்தி, ஜூம் செய்தான்.

திரையைப் பார்த்தவனுக்குப் புல்லரித்தது. எத்தனையோ ஜோடிகளை எடுத்திருக்கிறான். எல்லாரும் கட்டிவைத்த மாதிரி நிற்பார்கள். இங்கே மாப்பிள்ளை அவள் கை இரண்டையும் பிடித்துக்கொண்டு ஏதோ கெஞ்சினார். அவள் உதறினாள். காற்றில் பறந்த முடி முகத்தை மறைக்க நாலடி போனாள். ஓடிவந்து அவர் தோளில் முகத்தைப் புதைத்துக் குலுங்கினாள். ஜோஸ்வின் முகம் பளிச்சென்று தெரிந்தது, அதிலும் கண்ணீர்.

"நடிப்புன்னு யாராவது சொல்வாங்களா சார்?"

"நடிப்பா? என்னை விட்டுப் போறோமேன்னு அழறா தம்பி. பாசக்காரப் பொண்ணு." ஏசுதாசனும் அழுதார். "நான் கொஞ்சம் பயந்துட்டுதான் இருந்தேன். மாப்பிள்ளை போன்ல கூட சரியா பேசறதில்லன்னு குறை சொல்லிட்டே இருந்தா. இப்பப் பாருங்க!"

பேட்டரி எச்சரிக்கை அலறியது. திட்டமிட்டபடி காற்றில் மிதந்து வந்து காலடியில் இறங்கியது ட்ரோன். உதயா அன்று முதல்முறையாகச் சிரித்தான்.

"இதை ரிசப்ஷன்ல பெரிய ஸ்க்ரீன்ல போடணும்," என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார் ஏசுதாசன். "ரெண்டு குடும்பமும் பாக்கணும்."

கீழே கார்க் கதவு திறந்தது. கீதா தலையை நீட்டினாள்.

"அண்ணா, பொண்ணு ரெடி. இப்ப கூட்டிட்டு வரட்டுமா?"