பழுக்காத முலாம்பழமும் போகாத மச்சினியும்

முலாம்பழம் வளர்த்தே தீருவது என்று ஏப்ரல் மாதத்தில் முடிவு செய்தேன்.

எங்கள் ஊர் ஸ்காட்லாந்தின் வடகிழக்குக் கரையில் இருக்கிறது. ஜூலையில் கம்பளிச் சட்டையைக் கழற்றுகிறவனை வெளியூர்க்காரன் என்று கண்டுபிடித்துவிடுகிற ஊர். இங்கே நன்றாக வளர்வது உருளைக்கிழங்கு, முட்டைக்கோஸ், மூட்டுவலி. இந்த மண்ணில் வெயில் தேசத்துப் பழத்தைப் போடப்போகிறேன் என்றால் எந்த மனைவிக்கும் சந்தேகம் வரும். என் மனைவி எல்ஸ்பெத்துக்கு வரவில்லை. அங்கேயே நான் உஷாராகியிருக்க வேண்டும்.

எனக்குப் பழத்தின் மேல் ஆசை கிடையாது. ஆகஸ்ட் மாதத்தின் மேல் பயம். ஒவ்வொரு ஆகஸ்டிலும் எடின்பரோவில் இருக்கும் எல்ஸ்பெத்தின் அக்கா வினிஃப்ரெட் வீட்டுக்கு விடுமுறைக்குப் போவோம். விடுமுறை எல்ஸ்பெத்துக்கு. எனக்கு வேலிக்குப் பெயின்ட், கதவுக்கு எண்ணெய், பாத்ரூம் குழாய்க்கு வாஷர். வினிஃப்ரெட் ஓய்வுபெற்ற தலைமையாசிரியை. பள்ளிக்கூடம் அவரை விட்டுவிட்டது. அவர் இன்னும் பள்ளிக்கூடத்தை விடவில்லை. நான் சூப்பை உறிஞ்சினால் ஒரு பார்வை பார்ப்பார். சூப் ஆறிப்போகும்.

யோசனை கொடுத்தவன் பக்கத்து வீட்டு டூகல்.

"முலாம்பழம் போடு, ஃபெர்கஸ். கைக்குழந்தை மாதிரி அது. ஒரு நாள் விட்டுட்டுப் போனா போச்சு. காலைல கண்ணாடிக் கூண்டைத் திறக்கணும், சாயங்காலம் மூடணும், தண்ணி கூடினாலும் சாகும், குறைஞ்சாலும் சாகும்."

"எப்பக் காய்க்கும்?"

"ஆகஸ்ட்ல."

அவனைக் கட்டிப்பிடிக்கப் போனேன். நடுவில் வேலி இருந்தது. பிழைத்தான்.

அன்று மாலை எல்ஸ்பெத் பின்னிக்கொண்டிருந்தாள். நான் தொண்டையைச் செருமினேன்.

"எல்ஸ்பெத், இந்த வருஷம் முலாம்பழம் போடலாம்னு இருக்கேன்."

"போடேன்."

"ஆகஸ்ட்ல கூடவே இருந்து பாத்துக்கணுமாம்."

"ஆகஸ்ட்லயா?"

"ஆகஸ்ட்லதான். என்ன கெட்ட நேரம் பாரேன்!"

"அப்ப அக்கா வீடு?"

"நீ போயிட்டு வா. நான் இங்க எப்படியோ சமாளிச்சுக்கறேன்."

அவள் என்னைப் பார்த்தாள். ஊசியைப் பார்த்தாள். "பாவம்பா நீ" என்றாள். அவ்வளவு இரக்கமான மனைவி யாருக்குக் கிடைப்பாள் என்று அன்று நெகிழ்ந்துபோனேன்.

விதைக்குச் சூடு வேண்டும். எங்கள் வீட்டில் எப்போதும் சூடாக இருப்பது வெந்நீர்த் தொட்டி இருக்கும் அலமாரி. அதில் காயப்போட்டிருந்த துண்டுகளை வெளியேற்றிவிட்டு, விதை போட்ட சின்னப் பூந்தொட்டிகளைக் குடிவைத்தேன். அப்புறம் நாங்கள் குளித்தபின் துவட்டிக்கொண்டது ஈரத் துண்டில். முளைகள் மட்டும் சுகமாக வந்தன. மே மாதம் அவற்றைத் தோட்டத்தில் ஆள் நுழையும் அளவுக்கு இருந்த கண்ணாடிக் கூண்டுக்குள் நட்டேன். படுக்கையறை ஹீட்டரும் அங்கே போனது. எல்ஸ்பெத் இரண்டு சட்டை போட்டுக்கொண்டு தூங்கினாள். முணுமுணுக்கவில்லை.

பூ வந்தது. பின்னால் குட்டிக் காய் ஒட்டியிருந்தால் பெண் பூ, வெறுங்காம்பு என்றால் ஆண் பூ. எங்கள் ஊர்க் குளிரில் தேனீக்கள் வீட்டைவிட்டு வெளியே வருவதில்லை. மகரந்தத்தை நானே கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டியிருந்தது.

"ஃபெர்கஸ், என் பவுடர் பிரஷ் எங்க?"

"கூண்டுல இருக்கு."

"அங்க அதுக்கு என்ன வேலை?"

"கல்யாணம் பண்ணி வைக்குது."

"அதையாவது ஒழுங்காப் பண்ணு. நம்ம கல்யாணத்துல மோதிரத்தைத் தொலைச்ச ஆளு நீ."

நான்கு காய் பிடித்தது. ஒன்று தவிர மற்றதைக் கிள்ளிவிடு, அப்போதுதான் அந்த ஒன்றாவது பெருக்கும் என்றான் டூகல். கிள்ளினேன். மிஞ்சிய ஒன்றை எல்ஸ்பெத்தின் பழைய நீளக் காலுறையில் போட்டுக் கூரைக் கம்பியில் தொங்கவிட்டேன், கொடி பாரத்தில் ஒடியாமல் இருக்க. மொழுமொழுவென்று, பச்சையாக, டென்னிஸ் பந்து அளவில் ஒரு காய், பெண்கள் காலுறைக்குள். எதிர்வீட்டுப் பாதிரியார் வணக்கம் சொல்ல வந்தவர், அதைப் பார்த்துவிட்டுச் சொல்லாமலே போனார்.

ஜூலை கடைசியில் ஒரு நாள், கஞ்சி குடிக்கும்போது எல்ஸ்பெத் ஆரம்பித்தாள்.

"அக்காகிட்ட போன்ல சொன்னேன், உன்னால வர முடியாதுன்னு."

"அடடா. வருத்தப்பட்டாங்களா?"

"ரொம்ப."

"ச்சே. மனசுக்கு என்னமோ மாதிரி இருக்கு."

"எனக்குந்தான். அதனால அவளையே இங்க வரச் சொல்லிட்டேன்."

கரண்டியைக் கிண்ணத்திலேயே விட்டுவிட்டேன்.

"எத்... எத்தனை நாளைக்கு?"

"பழம் பழுக்கற வரைக்கும். ஸ்காட்லாந்துல பழுத்த முலாம்பழத்தைக் கண்ணால பாக்காம திரும்பமாட்டாளாம்."

வினிஃப்ரெட் வந்தார். பெட்டியைத் தூக்கியபோதே தெரிந்தது, அவர் பழத்தின் மேல் அதிக நம்பிக்கை வைத்து வரவில்லை. குளிர்காலக் கோட்டும் உள்ளே இருக்கிற கனம்.

தினமும் காலையில் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு கூண்டுக்குள் போவார். குனிந்து பார்ப்பார். வெளியே வருவார்.

"இன்னைக்கும் தேறல, ஃபெர்கஸ்."

"நாளைக்குப் பாருங்க."

"போன வாரமும் இதையேதான் சொன்ன. சரி, சும்மாத்தானே நிக்கற? உங்க வேலி பெயின்ட் உரிஞ்சு கெடக்கு பாரு."

எடின்பரோவில் அவர் வேலிக்கு அடித்தேன். இங்கே என் வேலிக்கு அடித்தேன். ஊர் மாறியது, பிரஷ் மாறவில்லை. என் நாற்காலி அவர் நாற்காலியானது. என் சூப் மறுபடி ஆறியது. ஒரே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். சாயங்காலங்களில் சமையலறையிலிருந்து அக்காவும் தங்கையும் சிரிக்கிற சத்தம் தோட்டம்வரை கேட்கும். எல்ஸ்பெத் அப்படிச் சிரித்துக் கேட்டு எவ்வளவோ காலம் ஆகிவிட்டது. பெயின்ட் டப்பாவோடு நின்று கேட்பேன். அப்புறம் காயிடம் போய், "பழுத்துத் தொலையேன்" என்று கெஞ்சுவேன்.

அது பழுத்தால்தானே? வெந்நீர்ப் பையை அடியில் கட்டினேன். என் கம்பளித் தொப்பியை மாட்டிவிட்டேன். காய் பெருத்தது, பழுக்கவில்லை. கடலிலிருந்து பனிமூட்டம் ஏறி வந்து கூண்டை மூடிக்கொண்டது. செப்டம்பரும் பிறந்துவிட்டது. வினிஃப்ரெட் தன் கிறிஸ்துமஸ் கேக்கைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்.

டூகலிடம் ஓடினேன்.

"கடையில வாங்கித் தொங்கவிடு" என்றான். "பழம்தானே பாக்கணும்? பாத்துட்டுப் போகட்டும்."

பெண்கள் சந்தைக்குப் போன நேரம். டவுனுக்குப் போய்ப் பெரிய கடையில் இருந்த ஒரே ஒரு முலாம்பழத்தை வாங்கி வந்தேன். என் காயை அறுத்துத் தோட்டத்து ஷெட்டில், சாக்குக்கு அடியில் ஒளித்தேன். தூக்கியெறிய மனசு வரவில்லை. ஆயிரம் இருந்தாலும் நான் பவுடர் பிரஷ் பிடித்து உண்டாக்கிய காய். கடைப் பழத்தைக் காலுறைக்குள் திணித்துக் கட்டிவிட்டுத் தள்ளி நின்று பார்த்தேன். அப்போதுதான் கவனித்தேன். என் காய் மொழுமொழு. இதன் தோல் முழுக்க வலை வலையாகக் கோடு.

திருப்பிக் கொடுக்க நேரமில்லை. வாசல் கேட் சத்தம் கேட்டது.

இரவுச் சாப்பாட்டு மேசையில் நடுநாயகமாகப் பழம். வினிஃப்ரெட் கண்ணாடியை மூக்கின் நுனிக்கு இறக்கினார்.

"காலைல மழமழன்னு இருந்துச்சே, ஃபெர்கஸ்?"

"பழுக்கறப்ப வலை விழும்."

"ஒரே நாள்லயா?"

"குளிர் ஊரு பாருங்க. அதுவே ஸ்வெட்டர் பின்னிப் போட்டுக்குது."

எல்ஸ்பெத்துக்குப் புரையேறியது. தண்ணீர் குடித்தாள். என் முகத்தைப் பார்க்கவில்லை. "வெட்டு, வெட்டு" என்றாள்.

வெட்டினேன். வாயில் வைத்தேன். வெள்ளரிக்காயைப் பாத்திரம் கழுவிய தண்ணீரில் ஊறவைத்தால் வருமே, அந்த ருசி. பேருக்குத்தான் முலாம்பழம், வெறும் முலாம், உள்ளே பழமே இல்லை. வினிஃப்ரெட் தன் துண்டை முழுசாகத் தின்று முடித்து வாயைத் துடைத்துக்கொண்டார்.

"முயற்சிக்குப் பாராட்டறேன். சரி எல்ஸ்பெத், பழத்தைப் பாத்தாச்சு. சனிக்கிழமை ரயிலுக்குக் கிளம்பறேன்."

எனக்கு நாற்காலியிலிருந்து எழுந்து ஆட வேண்டும் போலிருந்தது. "இன்னும் ரெண்டு நாள் இருக்கலாமே" என்று ஒப்புக்குச் சொன்னேன். அவர் யோசிப்பது போலத் தெரிந்தது. சட்டென்று பேச்சை மாற்றினேன்.

நன்றியுணர்ச்சியில் மீதி இருந்த நாட்களில் அவர் சொன்ன வேலையெல்லாம் செய்தேன். ஏணி போட்டுக் கூரைமேல் ஏறி, மழைத்தண்ணீர் வடிகிற வாரியில் அடைத்திருந்த இலையெல்லாம் அள்ளினேன். சனிக்கிழமை பெட்டியை நானே தூக்கிக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போனேன். ரயில் நகர்ந்தபோது வினிஃப்ரெட் ஜன்னலிலிருந்து என்னைப் பார்த்துக் கையசைத்துச் சிரித்தார். அவருக்குப் பல் இவ்வளவு வரிசையாக இருக்கும் என்று எனக்கு அதுவரை தெரியாது.

வீட்டுக்கு வந்ததும் நேரே ஷெட்டுக்குப் போனேன். சாக்கைத் தூக்கினேன். காய் இல்லை. ஆனால் வாசனை இருந்தது. தேனும் பூவும் கலந்த மாதிரி, ஷெட் முழுக்க.

"தேடாத, ஃபெர்கஸ்." பின்னால் எல்ஸ்பெத் நின்றாள். "வியாழக்கிழமையே வாசனை கதவைத் தாண்டி வந்துருச்சு. சாக்குக்கடியில நல்லாப் பழுத்துக் கெடந்தது."

"வியாழக்கிழமை நான் எங்க இருந்தேன்?"

"கூரை மேல. அக்காதான் ஏத்திவிட்டா, நாங்க நிம்மதியாச் சாப்பிடலாம்னு."

"ரெண்டு பேருமா? முழுசையுமா?"

அவள் முதுகுக்குப் பின்னாலிருந்து ஒரு தட்டை எடுத்து நீட்டினாள். ஆரஞ்சு நிறத்தில் ஒரு கீற்று. "உனக்கு எடுத்து வெச்சேன். அக்கா தின்னுடப் பாத்தா. அடிச்சுத்தான் பிடுங்கினேன்."

ஷெட் வாசலில் நின்றபடியே கடித்தேன். சாறு முழங்கைவரை வழிந்தது. இப்படியொரு இனிப்பை இந்தக் கடற்கரை கண்டிருக்காது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பனிமூட்டம்தான் காரணம் என்று வைத்துக்கொள்ளுங்கள். எல்ஸ்பெத் தன் கைக்குட்டையால் என் தாடையைத் துடைத்துவிட்டாள்.

"எப்படி இருக்கு?"

"எல்ஸ்பெத், நான் சும்மா சொல்லல. இந்தப் பழத்துக்காக ஒருத்தன் எவ்வளவு தூரம் வேணா வரலாம்."

"அக்காவும் அதையேதான் சொன்னா. அடுத்த வருஷம் விதை போடறப்பவே வந்துடறாளாம்."