கொடியில் தொங்கிய வாய்க்கால்

என் கையெழுத்து கோழி கிளறிய மாதிரி இருக்கும். பிழைகளும் இருக்கும். ஐந்தாம் வகுப்போடு நின்றவன், பொறுத்துக்கொள்ளுங்கள். ஆனால் ஒன்றை உறுதியாகச் சொல்வேன். இரண்டு காரியங்களை ஒரே நேரத்தில் மாற்றாமலே வாழ்ந்த மனிதர் இந்தப் பூமியில் ஒருவர்தான்: பாசனத் தண்ணீரை ஆராய்ச்சி செய்ய அரசாங்கம் அனுப்பி, எங்கள் மாடியில் குடியிருந்த ‘ஒண்ணொண்ணா சார்’.

சீர்காழிக்குக் கிழக்கே, ஆற்றுத் தண்ணீர் கடைசியாக வந்துசேரும் ஊர் எங்களுடையது. எங்கள் வாய்க்காலை அவர் கம்ப்யூட்டருக்குள் ஓடவிட்டிருந்தார். மழை, மதகு, மண், செடி எல்லாம் அதற்குள் உண்டு. அதில் ஒன்றை மட்டும் கூட்டிக் குறைத்து, மற்றதை அப்படியே வைத்து, கடைசி வயலுக்கு வரும் தண்ணீர் எவ்வளவு மாறுகிறது என்று பார்ப்பதுதான் வேலை.

அதோடு நிறுத்தியிருக்கலாம். புதுச்செருப்பு வாங்கியவர், எந்தக் காலைக் கடிக்கிறது என்று பார்க்க, ஒரு காலில் புதியதும் மறுகாலில் பழையதுமாக நடந்தார். ஒருநாள் என் மனைவி செல்வி டீயில் சர்க்கரையைக் குறைத்து, இஞ்சியும் தட்டிப் போட்டுவிட்டாள்.

“அக்கா! ரெண்டையும் சேத்து மாத்திட்டீங்களே! எதனால நல்லாருக்குன்னு இப்ப எப்படிக் கண்டுபிடிக்கிறது?”

“நல்லாருக்குல்ல? குடிங்க சார்.”

அந்த வருடம் நட்ட குறுவை நெல் தண்ணீரில்லாமல் வாடியது. என் வயல் பாளம் பாளமாக வெடித்துவிட்டது.

“வாய்க்கால் தலைப்புல இருக்குற மேலூர்க்காரன் மதகை இறக்கிட்டான்! எடுங்கடா கடப்பாரைய!” என்று கலியபெருமாள் அண்ணன் கிளம்ப, ஊரே பின்னால் போனது. நான் மட்டும் திண்ணையைவிட்டு இறங்கவில்லை.

எங்கள் வாசலருகே சார் அவர்களை மறித்து, கம்ப்யூட்டரில் நீளமும் குட்டையுமாய் இருந்த பட்டைகளைக் காட்டினார்.

“என்ன சார், கலர் சேமியாவா?” என்றார் அண்ணன்.

சார் சுற்றுமுற்றும் பார்த்தார். கொடியில் எங்கள் துணிகள் காய்ந்தன. எல்லாவற்றையும் உருவினார்.

“மதகை இன்னும் தூக்கினா நமக்குக் கூடுற தண்ணி இவ்வளவுதாண்ணே.” என் கைக்குட்டையை மாட்டினார். “மழை நல்லாப் பேஞ்சா இவ்வளவு.” துண்டு. “வாய்க்கால்ல அடைச்சுக் கெடக்குற வெங்காயத்தாமரைய எடுத்தா...”

செல்வியின் புடவையை உதறினார். கொடி போதவில்லை. மறுமுனையை என் கையில் கொடுத்தார். ஊர் முழுக்கப் பார்க்க, பெண்டாட்டி புடவையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

“சார், அது தீவாளிப் புடவை!” என்று உள்ளேயிருந்து செல்வி கத்தினாள்.

அண்ணன் கைக்குட்டையையே பார்த்தார். “யோவ், இதுக்காய்யா இத்தனை வருஷம் மண்டைய ஒடச்சிக்கிட்டோம்?”

கடப்பாரைகளை வீட்டில் போட்டுவிட்டு அரிவாளோடு வாய்க்காலில் இறங்கினோம். சாரும் இறங்கினார். புதுச்செருப்பைச் சேறு விழுங்கிவிட்டது. செடியெல்லாம் கரையேறிய பிறகு, ஒரு காலையில் தண்ணீர் என் வயல் வெடிப்புகளுக்குள் சலசலவென்று இறங்கியது. வரப்பில் உட்கார்ந்திருந்த சாருக்குச் செல்வி டீ கொண்டுவந்தாள். சர்க்கரை குறைவு, இஞ்சியும் உண்டு. குடித்தார். எதனால் நல்லாயிருக்கிறது என்று கேட்கவில்லை.

அவர் மாற்றலாகிப் போய்விட்டார். எங்கள் வீட்டில் இன்றும் அதே டீதான். ஒன்றைக்கூட மாற்றவில்லை.

ஒருவழியாக எழுதி முடித்தது: ஆடிப்பெருக்கு அன்று.